இடப்பக்கத்துப் புல்லாங்குழல்

மே 19

இந்த டைரி அம்மா வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் போன வருடம் கொடுத்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை தப்பாக இருக்கும். காலையில் உட்கார்ந்து எல்லாக் கிழமைகளையும் பேனாவால் அடித்துவிட்டேன். பக்கம் திருப்பத் திருப்ப ஏலக்காய் வாசனை.

பத்தாம் வகுப்பு முடிவு வந்துவிட்டது. பள்ளியில் நான் இரண்டாவது. அப்பா தோட்டத்து ஆட்களை இறக்கிவிட்டு, ஜீப்பைக்கூடக் கழுவாமல் நேராக உள்ளே வந்தார்.

"ஏந்தாயி ரேணு, அப்பன் சொன்ன சொல்லு மாற மாட்டேன். என்னா வேணும், கேளு."

"என்னத்தக் கேப்பா? பொஸ்தகம்தான்" என்றாள் அம்மா, முறத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"நல்ல ஹெட்போன் ஒண்ணு" என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "ஏற்கெனவே பொஸ்தகத்தத் தொறந்தா இவளுக்குக் காது கேக்காது. அதையும் மாட்டிக்கிட்டா வெளங்கிரும்."

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். இது எங்கள் வீட்டில் பழைய பேச்சு. அம்மா போடி ஊர் முழுக்க இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்: "எம்மக படிக்கிறப்போ இடி விழுந்தாலும் திரும்ப மாட்டா."

மே 20

ஏன் ஹெட்போன் என்று எழுதவேண்டும்.

நானும் பெனாசிரும் தேனிக்கு ஒரே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறோம். அவளிடம் அவள் அண்ணனின் பழைய போன் இருக்கிறது. ஒரு இயர்போன். அதில் ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். எங்கள் பஸ்ஸில் எல்லாரும் அப்படித்தான் பாட்டுக் கேட்பார்கள், ஆளுக்குப் பாதி.

ஒரு பழைய பாட்டு இருக்கிறது. முதல் சரணம் முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பாடமாட்டார்கள். அந்த இடத்தில் இடது காதில் புல்லாங்குழல் வரும், வலது காதில் வயலின் பதில் சொல்லும் என்று பெனாசிர் சொல்கிறாள். "ரெண்டும் பேசிக்கிரும்டி. புருசன் பொண்டாட்டி சண்ட மாதிரி. வீட்ல ரெண்டு காதுலயும் மாட்டிக் கேட்டேன், அழுக வந்திருச்சு." எனக்கு வருவது வயலின் மட்டும். போனில் பேசுகிறவருக்குப் பக்கத்தில் நின்று ஒருபக்கப் பேச்சை மட்டும் கேட்பதுபோல.

லீவில் அவளிடம் இயர்போனைக் கடன் வாங்கி இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டேன். வயலின்தான் வந்தது. மலிவான இயர்போன், ஒருபக்கம் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். அதைப் போய் அவளிடம் சொல்லவில்லை.

அந்தப் புல்லாங்குழலும் வயலினும் பேசிக்கொள்வதைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மே 23

அப்பா போனில் ஹெட்போன்களைப் பற்றி நாள் முழுக்கப் படித்தேன். பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன்.

காதுக்குள்ளே போவது, காதின் மேல் உட்காருவது, காதையே மூடுவது என்று மூன்று வகை. பின்புறம் திறந்த வகை வீட்டுக்கு நல்லது. பஸ்ஸுக்கு ஆகாது, வெளிச்சத்தம் எல்லாம் உள்ளே வந்துவிடும். போகிற இடத்துக்குக் கொண்டுபோக மூடிய வகை வேண்டும், மடக்க வரவேண்டும், கனம் கூடாது. சார்ஜ் போட மறந்துவிடுவேன், அதனால் ஒயர் வைத்தது.

ஒருவர் எழுதியிருந்தது மறக்கவே இல்லை. நல்ல ஹெட்போனில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இடம் உண்டாம். கண்ணை மூடினால் ஒரு அறை தெரியுமாம். பாடுகிறவர் நடுவில், தபலா பின்னால், வயலின் ஒரு ஓரம், குழல் இன்னொரு ஓரம். விரலை நீட்டிக் காட்டலாமாம்.

சத்தத்துக்கு இடம் உண்டு என்று எனக்கு இதுவரை தெரியாது. எல்லாச் சத்தமும் எனக்குச் சும்மா வரும், எங்கிருந்து என்று சொல்லாது. நல்ல கருவியில் கேட்டுப் பழகவில்லை அல்லவா.

மே 26

திடீர் மழை. அம்மா கத்தினாள், துணி எடுக்கச் சொல்லி. வாசலுக்கு ஓடினேன். அங்கே யாரும் இல்லை. அம்மா கொல்லையில் இருந்தாள். துணி எல்லாம் நனைந்துவிட்டது.

"பின்னாடி நின்னு கூப்புட்டா முன்னாடி ஓடுறா. இந்தக் கிறுக்க எந்த வீட்டுக்கு அனுப்பப் போறேனோ!"

ஜூன் 1

தேனிக்குப் போய் அப்பாவோடு ஹெட்போன் பார்த்தேன். பெரிய கடை. ஹெட்போன் பக்கத்தில் வளர்மதி என்று ஒரு அக்கா நின்றார். நான் கேட்ட கேள்விகளில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, நீ வாங்க வந்தியா, வேலைக்குச் சேர வந்தியா?"

மூன்றை மாட்டிப் பார்த்தேன். வெள்ளை ஒன்று கன்னத்தை அழுத்தியது. நீலத்தில் பாடுகிறவர் குரல் பானைக்குள் இருந்து வந்தது. கறுப்புதான் நன்றாக இருந்தது. வயலினில் வில் நரம்பைத் தொடுகிற சின்ன உரசல்கூடக் கேட்டது. ஆனால் மூன்றிலுமே இடப்பக்கம் சத்தம் குறைவு. வருகிறவர்கள் எல்லாம் மாட்டிப் பார்க்கிற மாதிரிகள்தானே, தேய்ந்திருக்கும். புதுசைப் பிரித்தால் சரியாக இருக்கும்.

கறுப்பையே வாங்கினோம். அப்பா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார்.

ஜூன் 2

புல்லாங்குழல் வரவில்லை.

ஒயரைக் கழற்றி மாட்டினேன். பாட்டை மறுபடி இறக்கினேன். வரவில்லை. அப்பாவை மாட்டிப் பார்க்கச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான தாயி இருக்கு" என்று வீடே அதிரக் கத்தினார். அப்பாவுக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்?

ஆனாலும் மாட்டிக்கொள்ளப் பிடிக்கிறது. காதுக்குக் கீழே மெத்தென்று அழுத்தும்போது இரண்டாம் வகுப்பில் பொன்னுக்கு வீங்கி வந்தது ஞாபகம் வந்தது. இரண்டு கன்னமும் பணியாரம்போல வீங்கியிருந்தது. அம்மா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டாள். தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்று எல்லாரும் சொன்னார்கள். வடிந்துவிட்டது. அது வடியும்வரை நான் சங்கிலியைப் போட்டுக்கொண்டு ராணி மாதிரி படுத்திருந்தேன். அப்பா வாங்கிவந்த கதைப்புத்தகத்தை அப்போதுதான் எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தேன். என் முதல் புத்தகம். அதற்குப் பிறகு புத்தகத்தை நான் கீழே வைக்கவே இல்லை என்று அம்மா சொல்வாள்.

ஜூன் 3

ஒரு சோதனை செய்தேன். ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன், இடப்பக்கத்தை வலது காதில். புல்லாங்குழல் வந்துவிட்டது! என்ன அழகு. மூச்சு எடுப்பதுகூடக் கேட்கிறது. ஆனால் வயலின் போய்விட்டது.

ஆக, இரண்டு பக்கமும் பழுது. ஒன்று சரியாக இருக்கும்போது மற்றது வேலை செய்வதில்லை.

ஜூன் 7

அப்பா மாற்றிக்கொண்டு வந்தார். கடையில் ஒன்றும் கேட்கவில்லையாம். புதுப் பெட்டி, புது வாசனை.

இதிலும் அப்படித்தான் இருக்கிறது.

ஜூன் 10

பள்ளிக்கூடம் திறந்தது. பதினொன்றாம் வகுப்பு. பஸ்ஸில் பெனாசிர் ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண் இடதுபக்கம் போனது. பிறகு வலதுபக்கம். திரும்ப இடது. சாலையின் இரண்டு பக்கமும் யாரோ நின்று பேசுவதைப் பார்ப்பதுபோல.

"அடியே லைப்ரரி!" என்றாள். அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். "இது ஹெட்போன் இல்லடி, சினிமாக் கொட்டகை. எப்பிடிக் கேக்குது பாத்தியா?"

"ஆமா" என்றேன்.

ஜூன் 12

இன்று பெனாசிர் ஏறும்போது என் வலப்பக்கத்தில் ஒரு பெரியம்மா கூடையோடு உட்கார்ந்துவிட்டார். அதனால் அவள் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். தேனி வந்ததும் எழுந்து, "போடி, ஒங்கூடப் பேச மாட்டேன்" என்றாள்.

"என்னாடி செஞ்சேன்?"

"போடில ஆரம்பிச்சு வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்ததச் சொல்லிக்கிட்டே வாரேன். ஒரு 'ஊங்'கூடச் சொல்லல. கல்லு மாதிரி உக்காந்திருக்க. அம்புட்டு முக்கியமாடி பொஸ்தகம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. படித்துக்கொண்டிருந்தேன், மன்னித்துக்கொள் என்று பத்துத் தடவை சொன்னேன். மதியச் சாப்பாட்டில் சமாதானம் ஆனாள். வாப்பா இப்போது நன்றாக இருக்கிறாராம்.

புத்தகம் மடியில் திறந்துதான் இருந்தது. ஆனால் நான் படிக்கவில்லை. பெரியம்மா கூடையில் இருந்த கோழிக்குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15

அம்மாவோடு கடைக்குப் போனேன். ஹெட்போனில் ஒரு பழுதும் இல்லை.

ஜூன் 16

நேற்று எழுத முடியவில்லை.

அப்பா மலைக்குப் போயிருந்ததால் அம்மா வந்தாள். போகும்போதே கடைக்காரர்களை ஒரு பிடி பிடிக்கிற மும்முரத்தில் இருந்தாள். "ரெண்டு தடவையும் ஓட்டையக் குடுத்தா எப்பிடிங்குறேன்?" என்று உள்ளே நுழையும்போதே ஆரம்பித்தாள். வளர்மதி அக்கா கோபப்படவில்லை. வாங்கி, தன் காதில் மாட்டிப் பார்த்தார். பிறகு போனில் எதையோ தேடி, ஹெட்போனை என் தலையில் வைத்தார்.

"இது ஒருபக்கம் மட்டும் சத்தம் குடுக்குற டெஸ்ட்டும்மா. மொதல்ல வலது."

மணி அடித்தது. தெளிவாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

"இப்ப இடது."

நான் காத்திருந்தேன். அக்கா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அவர் அமுக்குவதற்காகக் காத்திருந்தேன்.

"போடுங்க அக்கா" என்றேன்.

"ஓடிக்கிட்டுத்தாம்மா இருக்கு."

அம்மா என் தலையில் இருந்து அதை எடுத்துத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். உடனே எடுத்துவிட்டாள். அக்கா குரலைத் தாழ்த்தி, "காதுல அழுக்கு அடைச்சிருந்தாலும் இப்பிடி இருக்கும்மா. ஒரு தடவ டாக்டர்ட்டக் காமிங்க" என்றார்.

"அவ படிக்கிற புள்ளம்மா. அவளுக்கு நெனப்பெல்லாம் பொஸ்தகத்துல இருக்கும், அதான்" என்றாள் அம்மா. கடையில் அவள் சொன்னது அதுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தாள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தேன்.

அழுக்குத்தான் அடைத்திருக்கும்.

ஜூன் 17

அம்மா எண்ணெய் காய்ச்சிக் காதில் ஊற்றினாள். ஒன்றும் இல்லை.

ஜூன் 20

இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

சாயங்காலம் மேசையில் உட்கார்ந்து வேதியியல் எழுதிக்கொண்டிருந்தேன். என் மேசைக்கு முன்னால் பீரோ. அதில் கண்ணாடி. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கினால் கண்ணாடியில் அம்மா. எனக்குப் பின்னால், இடது தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கை இரண்டையும் முந்தானையில் சுற்றிப் பிடித்திருந்தாள். அவள் வாய் அசைந்தது. ரேணு. கொஞ்சம் நிறுத்தி, திரும்பவும். ரேணு.

எனக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

மூன்றாவது தடவை வாய் அசைந்தபோது நான் திரும்பி, "என்னம்மா?" என்றேன்.

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பரீட்சை முடிவு வந்த அன்றுகூட அவள் அப்படிச் சிரிக்கவில்லை.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எதுக்குக் கூப்புட்ட?"

"சும்மாத்தான் தாயி. காப்பி வேணுமான்னு."

காப்பி போட்டுக்கொடுத்தாள். ராத்திரி அப்பாவிடம், "அந்தக் கடக்காரி கெடக்குறா. நான் மெதுவாக் கூப்புட்டுப் பாத்தேன், டக்குனு திரும்பிட்டா" என்று சொன்னாள். டாக்டரிடம் போகிற பேச்சு அதோடு நின்றது.

ஜூன் 27

உயிரியல் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டேன். தவளைப் படம் நன்றாக வந்தது. ஹெட்போன் பெட்டிக்குள் இருக்கிறது.

ஜூலை 4

பள்ளிக்கூடம் விட்டு பஸ் நிலையத்துக்குச் சாலையைக் கடந்தபோது ஒரு மினி பஸ் வந்தது. ஹாரன் கேட்டது. எனக்கு நன்றாகவே கேட்டது. வலதுபக்கம் பார்த்தேன். சாலை காலியாக இருந்தது. காலை வைத்தேன்.

பெனாசிர் என் பையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு பேரும் விழுந்தோம். அவள் முழங்கை உரிந்துவிட்டது. ஓட்டுநர் இறங்கிவந்து, "காதுல என்னா பஞ்சா வச்சிருக்க?" என்று கத்தினார். என் காதில் ஒன்றும் இல்லை. ஹெட்போன் வீட்டில் இருந்தது.

பெனாசிர் அழவில்லை, திட்டவில்லை. பஸ்ஸில் ஏறியதும் என் வலப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். முழங்கையை ஊதிக்கொண்டே கேட்டாள்.

"சத்தம் அங்கிட்டு வருது. நீ ஏண்டி இங்கிட்டுப் பாத்த?"

நான் பையைத் திறந்து புத்தகத்தை எடுத்தேன்.

"அன்னிக்கும் நான் அங்கிட்டுத்தான உக்காந்திருந்தேன்" என்று இடப்பக்கத்தைக் காட்டினாள். "வாப்பாவப் பத்திச் சொன்ன அன்னிக்கு."

பஸ்ஸை விட்டு இறங்கியவள் அவள் வீட்டுக்குப் போகவில்லை. என்னோடு எங்கள் வீட்டுக்கு வந்து, ரத்தம் காய்ந்த முழங்கையோடு அம்மா முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா என்னைப் பார்த்தாள். "அப்ப அன்னிக்கு? நான் கூப்புட்டது?"

"கண்ணாடில பாத்தேன்" என்றேன்.

ஜூலை 6

தேனியில் காது டாக்டர். வயதான அம்மா, மெதுவாகப் பேசுகிறார். அழுக்கு ஒன்றும் இல்லை என்று லைட் அடித்துப் பார்த்துச் சொன்னார். பிறகு ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். நான் தேர்ந்தெடுக்கும்போது பார்க்காத வகை, பெரியது. கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்கவேண்டும்.

வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு நின்றது. இடது ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரியும். கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். தெரியாத கேள்விக்கும் எதையாவது எழுதிவிட்டு வரவேண்டும் என்று பள்ளியில் சொல்லித்தந்திருக்கிறார்கள். இரண்டு தடவை சும்மா அமுக்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா, இல்லை என்று தலையை அசைத்தார்.

டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார். "சின்னப்புள்ளையில பொன்னுக்கு வீங்கி வந்துச்சா?"

அம்மாவின் கை மெதுவாக மேலே போய்க் கழுத்துச் சங்கிலியைப் பிடித்தது. பிடித்தபடியே இருந்தது.

அந்தக் காய்ச்சல் சிலருக்கு ஒரு காதின் நரம்பைக் கொண்டுபோய்விடும், வலி இருக்காது, பிள்ளைக்கே தெரியாது, வீட்டிலும் தெரியாது என்று டாக்டர் சொன்னார். அப்போதே கூட்டிவந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார். அதை நான் கேட்டேன். அம்மா கேட்டாளா என்று தெரியவில்லை.

"மெஷின் வச்சா?" என்றார் அப்பா.

"இந்தக் காதுக்குப் பிரயோசனப்படாதுய்யா. வலது காது நல்லா இருக்கு. அதப் பத்திரமாப் பாத்துக்கிறணும். பாட்டெல்லாம் சத்தம் கொறச்சு வச்சுக் கேளும்மா."

சரி டாக்டர் என்றேன். வெளியே வந்து அப்பா மூன்று பேருக்கும் இளநீர் வாங்கினார். அம்மா குடிக்கவில்லை.

ஜூலை 7

படிக்கவில்லை. ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் புத்தகத்துக்குள் இருந்ததால் கூப்பிட்டது கேட்கவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். ஒருவேளை கூப்பிட்டது கேட்காததால்தான் புத்தகத்துக்குள் போனேனா? சங்கிலியைப் போட்டுக்கொண்டு முதல் புத்தகத்தைப் படித்த அந்த நாட்களில், வீடு கொஞ்சம் அமைதியாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியிருக்குமா? ஞாபகம் இல்லை.

அப்படியானால் படிக்கிற ரேணு யார்? அவளாவது என்னுடையவளா?

ஜூலை 12

அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருக்கிறது. "சங்கிலி எங்கம்மா?" என்று கேட்டேன். "பீரோவுல கெடக்கு" என்றாள். "ஏன் கழட்டுன?" "வேர்க்குது."

இப்போதெல்லாம் என்னை அவள் கூப்பிடுவதே இல்லை. எந்த வேலையாக இருந்தாலும் நடந்துவந்து, வலப்பக்கமாகச் சுற்றி, தோளைத் தொடுகிறாள். சாப்பிடக் கூப்பிடவும் தொடுகிறாள். திட்டுவதும் இல்லை. வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

வகுப்பில் இடதுகோடியில் முதல் பெஞ்சு கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே உட்கார்ந்தால் எல்லாரும் எனக்கு வலப்பக்கம் வந்துவிடுவார்கள். கணக்கு டீச்சர் இப்போது ரொம்பக் கத்திப் பேசுகிறார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஜூலை 15

பெனாசிர் அவள் வாப்பாவோடு அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். வளர்மதி அக்கா அவளிடம் ஒரு வழி சொல்லி அனுப்பியிருக்கிறார். போனுக்குள் ஒரு அமைப்பை மாற்றினால் இரண்டு பக்கச் சத்தமும் சேர்ந்து இரண்டு காதுக்கும் வருமாம். பஸ்ஸில் அதைப் போட்டுக்கொடுத்தாள்.

பாட்டு. முதல் சரணம். பிறகு அந்த இடம்.

இரண்டும் வந்தன. முதன்முதலாகப் புல்லாங்குழலும் வயலினும் ஒன்றாக வந்தன, இரண்டும் என் வலது காதில். இரண்டு பேரை ஒரே நாற்காலியில் உட்காரவைத்த மாதிரி இருந்தது. ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரியாமல்.

"வருதாடி?" என்றாள்.

"வருது பெனா. ரெண்டும் வருது."

அவள் ரொம்ப சந்தோஷப்பட்டாள். அந்த அறை இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எனக்கு இனி இல்லை.

ஜூலை 21

அப்பா மலையில். அம்மாவுக்கு இன்று கடை லீவு. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் போய் ஹெட்போனைத் தலையில் வைத்தேன்.

"என்னாடி இது, கையெல்லாம் வெங்காயம்."

"ஒரு பாட்டு. நடுவுல குழலும் வயலினும் வரும். அது எப்பிடி இருக்குன்னு எனக்குச் சொல்லு."

"எனக்கு என்னா தெரியும் அதெல்லாம்?"

"தெரிஞ்சதச் சொல்லும்மா."

பெனாசிரிடம் வாங்கி வைத்திருந்த போனில் பழைய அமைப்புக்கே மாற்றிப் பாட்டைப் போட்டேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நேராக உட்கார்ந்தாள். அந்த இடம் வந்தது. பெனாசிரின் கண் அசைந்ததுபோல அம்மாவின் கண்ணும் இடதுபக்கம் போனது. வலதுபக்கம் போனது.

"ரெண்டும் பேசிக்கிருதா?" என்று கேட்டேன்.

பாட்டு முடியும்வரை கேட்டாள். ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்தாள்.

"பேசிக்கிற மாதிரித் தெரியல ரேணு. இந்தப் பக்கம் இருக்கவ கூப்புட்டுக்கிட்டே இருக்கா. அந்தப் பக்கம் இருக்கவ அவபாட்டுக்கு எதையோ பாத்துக்கிட்டு இருக்கா. இவ விடாமக் கூப்புடுறா."

வெங்காயத்தை எடுத்தாள். உரிக்கவில்லை.

"எம்புட்டுத் திட்டி வஞ்சிருக்கேன் ஒன்ன" என்றாள். "எம்புட்டு வஞ்சிருக்கேன்."

நான் அவளுக்கு இடப்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தேன். அப்போது அவள் எனக்கு வலப்பக்கம். முகத்தைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனாள். வெங்காயக் கையால் துடைக்காதே என்று நான்தான் துடைத்துவிட்டேன்.

ஜூலை 22

மேசைமேல் ஒரு நாவல் இருக்கிறது. எடுத்தேன், வைத்துவிட்டேன். பிறகு எடுத்து, ராத்திரிச் சாப்பாடுவரை படித்தேன். எனக்குப் பிடிக்கத்தான் செய்கிறது. எதனால் பிடித்தது என்று கேட்டால் தெரியாது.

ஜூலை 28

காலையில் அம்மாவிடம், "ஒரு தடவ பழைய மாதிரிக் கத்திக் கூப்புடேம்மா" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா. கேக்கணும்போல இருக்கு."

"போடி, வேலையத்தவளே" என்று போய்விட்டாள்.

மதியம் நாவலின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். காலையில் கேட்டதை மறந்தே போயிருந்தேன். வீடு முழுக்க அவள் குரல் வந்தது.

"ஏய் ரேணு! மழ வருது, துணிய எடுடி! எம்புட்டு நேரமாக் கூப்புடுறது, காது..."

அதோடு நின்றுவிட்டது.

நான் எழுந்து ஓடினேன். வாசலுக்குப் போனேன். வாசலில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. திரும்பி, வீட்டுக்குள்ளே நடந்து, கொல்லைக்குப் போனேன். அம்மா கொடிக்குப் பக்கத்தில் தோள் நிறையத் துணியோடு நின்றிருந்தாள்.

"வாசலுக்கா போன?"

"ஆமா."

பாதித் துணியை எடுத்து என் கையில் போட்டாள். எல்லாம் நனைந்திருந்தது.